ஆறாவது குழி

பித்தளையை வெறுங்கையால் தேய்த்துவிட்டு விரலை முகர்ந்து பார்த்தவர்களுக்கு அந்த நெடி தெரிந்திருக்கும். நனைந்த காசும் பழைய புளியும் சேர்ந்தாற்போல் இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோற்றோடு சேர்ந்து வாய்க்குள் வந்துவிடும். பதினோரு வயதில் என் கைகள் எப்போதும் அந்த நெடியோடுதான் இருந்தன. வலது கண்ணைச் சுற்றி வளையல் பதிந்த மாதிரி ஒரு சிவந்த வட்டமும் இருந்தது. ஏதோ தொற்றும் கண்நோய் என்று நினைத்துப் பள்ளியில் ஒரு வாரம் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. தனி இடம் சன்னலோரமாக இருந்தது.

மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர் பிள்ளை மாமா. மலாக்காச் செட்டி வம்சம், எந்தக் காலத்திலோ வணிகத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழர் வழி. நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், பொங்கலை எங்களைவிட முறையாகக் கொண்டாடுவார், ஆனால் பேசுவது பெரும்பாலும் மலாய்தான். எங்களோடு பழகிப் பழகி ஒட்டிக்கொண்ட தமிழ் அதில் இடையிடையே கறிவேப்பிலை மாதிரி மிதக்கும். அவரும் அப்பாவும் நில அளவை அலுவலகத்தில் ஒன்றாக அளவுச் சங்கிலி இழுத்தவர்கள். சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு கெட்டிப்பட்ட அந்த நாட்களில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்ட, அவர்கள் வீட்டுச் சாமான்கள் 'லேலோங்' போயின, அதாவது ஏலத்துக்கு. அப்படி ஒரு வீட்டில் பியானோ தூக்கக் கை கொடுக்கப் போன பிள்ளை மாமா, யாரும் கேட்காமல் கிடந்த ஒரு தொலைநோக்கியைப் பெட்டியோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"நா, அம்பில்! எடுத்துக்கோ. இனிமே நீதான் துக்காங் தெரோப்போங்," என்றார். தொலைநோக்கி மேஸ்திரி என்று பொருள். அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

தொலைநோக்கியைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அதன் பெட்டிதான். உள்ளே பச்சை வெல்வெட்டு, அதில் வரிசையாக ஆறு வட்டக் குழிகள். தொலைநோக்கியில் நாம் கண்வைக்கிற முனையில் செருகும் குட்டிப் பித்தளைக் குழாய் இருக்கிறதே, அந்தக் கண்வில்லைகளுக்கான இடம் அது. அம்மா அதற்கு வைத்த பெயர் 'டப்பிக் கண்ணு'. ஆறு இருக்க வேண்டிய பெட்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற ஐந்து குழிகளும் பல் விழுந்த வாய் மாதிரி என்னைப் பார்த்து இளித்தன. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகவே இறங்கியது. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைத் திறந்து வெறும் குழிகளை எண்ணாமல் தூக்கம் வரவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பையன்களிடையே செல்லுபடியான ஒரே செல்வம் சண்டைச் சிலந்தி. வேலிச் செடியில் இரண்டு இலை ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அது ஒளிந்திருக்கும். பிடித்துத் தீப்பெட்டியில் ஓர் இலைத் துண்டோடு அடைத்துவைத்தால் மறுநாள் போருக்குத் தயார். காஜா பெராங் வேலிகள் முழுக்க என் ராஜ்ஜியம். தெங்கேராவில் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகனுக்கு இரண்டு சிலந்தி கொடுத்து, அவன் அப்பா கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கண்ணாடியில் பழையது ஒன்றை வாங்கினேன். போலீஸ்காரர் மகன், லாரி ஏறி நசுங்கிய இரட்டைக்குழல் தொலைநோக்கியின் நல்ல பாதியைக் கொடுத்தான். அதற்கு என் பட்டத்து வீரன் 'கறுப்பனை' இழக்க வேண்டியிருந்தது. நான்காவது, பள்ளிக்கூடம் தூக்கியெறிந்த நுண்ணோக்கியிலிருந்து வந்தது. ஐந்தாவது எதிலிருந்து கழன்றது என்று கொடுத்தவனுக்கே தெரியாது. எதுவும் குழாய்க்குள் சரியாகப் பொருந்தாது. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றி, புண்ணுக்குக் கட்டுப்போட்ட மாதிரி செருகுவேன்.

நிலாவைப் பெரிதாகக் காட்டுவதுதான் நல்லது என்று முதலில் நினைத்திருந்தேன். நான்காவது அதை அவ்வளவு பெரிதாகக் காட்டியதில், நிலா கஞ்சி கொட்டிய கறை மாதிரி கலங்கி, என் நெஞ்சு அடிக்கிற அடிக்கெல்லாம் சேர்ந்து ஆடியது. பெட்டியோடு வந்த முதலாவது, சின்னதாக, முழுசாக, தட்டில் வைத்த இட்டிலியாகக் காட்டியது. ஒன்று காட்டாததை இன்னொன்று காட்டினால்தான் சேகரிப்பு என்று அந்த வயதிலேயே ஞானம் பெற்றேன். ஞானத்தில் ஒரு குழி மட்டும் இன்னும் காலி.

அப்பா பதினான்கு வருஷமாகச் சங்கிலி இழுத்தவர். மேடு பள்ளம் பார்க்கிற 'லெவல்' கருவியைத் தோளில் சுமப்பார், அதற்கு முக்காலி ஊன்றுவார், வெயில் படாமல் குடை பிடிப்பார். கண்வைத்துப் பார்த்ததில்லை, பார்ப்பது துரையின் வேலை. அந்தத் துரையும் கப்பலேறப் போகிறார் என்றானதும், போவதற்குள் ஓர் ஆளுக்குக் கருவி பார்க்கும் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். குருபோங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் அளவை வேலை. அந்த ஆளாக அப்பாவைத் தேர்ந்திருந்தார். அங்கே ஒரு நாள் அப்பா துரைக்கு முன்னால் கருவியில் கண்வைத்து, தூரத்தில் நிறுத்திய அளவுகோலைப் படித்துக் காட்ட வேண்டும்.

அப்பா பயிற்சி எடுத்தது என் தொலைநோக்கியில்தான். பலகையில் எண்களை எழுதிக் கடைசி வேலியில் சாத்திவைத்து, முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து படிப்பார். எல்லாம் தலைகீழாகத் தெரியும், லெவலிலும் அப்படித்தானாம். நான் கண்வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகிக் கொடுப்பேன். ஒரு வாரத்தில் தலைகீழ் எண்களைத் தண்ணீர் பட்ட பாடாகப் படித்தார்.

"தெளிவாத் தெரியுதுடா தம்பி," என்றார். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தன வருஷம் நம்மள கிட்டவே சேர்க்கல?"

பிள்ளை மாமா சிரித்தார். துரையை அவர் 'துவான்' என்றுதான் சொல்வார். "நாளைக்கு நீ துவான் ஆயிட்டா எனக்கு யாரு கொடை பிடிப்பா?"

"நீதான் எனக்குப் பிடிக்கணும்," என்றார் அப்பா. அவர் வேடிக்கை பேசி நான் கேட்டது அபூர்வம்.

சோதனைக்கு முதல் நாள். பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மறுநாள் விடியலில் லாரி வந்து எங்கள் சடக்கில், அதாவது தெருவில், ஆட்களை ஏற்றிக்கொண்டு நேரே குருபோங் போவதால், லெவலை அப்பா வீட்டுக்கே கொண்டுவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, முடிவெட்டிக்கொள்ளப் போனார். அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். என் கையிலும் ஒரு கந்தலைக் கொடுத்திருந்தாள். அவளுக்கு அதில் ஒரு கொள்கை உண்டு. "கண்ணுக்குத் தெரியற ஒட்டடைய எவனும் அடிப்பான். தெரியாத எடத்துல இருக்கிறத அடிக்கிறவந்தான் எம் புள்ள."

கந்தலோடு நான் போன இடம் சாமி படத்தின் அடி. லெவலின் கண்வில்லையைப் பார்த்தேன். நூல் வைத்து அளந்தேன். ஆறாவது குழிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. திருடும் எண்ணம் சத்தியமாக இல்லை. ஒரே ஒரு தடவை செருகிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதாகத்தான் திட்டம். மெல்லத் திருகி இழுத்தேன், வந்துவிட்டது. கொல்லைக்கு ஓடினேன். தென்னைக்கு மேலே மாலை வெளிச்சத்திலேயே அரை நிலா ஏறியிருந்தது. ரப்பர் நாடா இல்லாமல், ஓர் ஆட்டம் இல்லாமல் பொருந்தியது. ஓரம்வரை கலங்காத நிலா; அதன் குழிகளின் நிழல்கூட விளிம்பு வெட்டினாற்போல் தெரிந்தது. அவ்வளவு அழகான ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திரும்ப வைக்கும்போதுதான் லெவலின் குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு வளையம். அதன் நடுவில் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக, மயிரைவிட மெல்லிய இரண்டு இழைகள். எனக்கா தெரியாது? ஊருக்கே சிலந்தி சப்ளை செய்பவன் நான். ஒட்டடை!

அப்பாவுக்கு நாளைக்குச் சோதனை, கருவிக்குள் ஒட்டடை, கையில் கந்தல், காதில் அம்மாவின் கொள்கை. தீக்குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு ஒரு சுழற்று, பளிச்சென்று ஆகிவிட்டது. கண்வில்லையைப் பழையபடி திருகி வைத்தேன். அப்பாவிடம் சொல்லிப் பாராட்டு வாங்கலாமா என்றுகூட யோசித்து, திறந்த குற்றம் வெளியாகுமே என்று அடக்கிக்கொண்டேன். தன்னடக்கம் என்று அதை அன்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா வரவில்லை. பிள்ளை மாமா மட்டும் வந்து அடுப்படி வாசலில் நின்றார். நான் கதவுக்குப் பின்னால்.

"என்ன ஆச்சு? லெட்டர் குடுத்தாரா?" என்றாள் அம்மா.

"சூசாவாப் போச்சு, அக்கா, ரொம்பக் கஷ்டமாப் போச்சு. நான் பக்கத்துலதான் கொடை பிடிச்சு நின்னேன். இவன் கண்ண வச்சான், மேலேருந்து கீழ வரைக்கும் கோல்ல இருக்கிற எல்லா நம்பரையும் படிச்சான். ஒண்ணு தப்பில்ல. துவான் 'எது நம்பர்?'னு கேக்கிறான். இவன் திரும்ப எல்லாத்தையும் படிக்கிறான். அப்புறம் துவானே கண்ண வச்சுப் பாத்தான். 'பெனாங் மானா?' நூல் எங்கங்கிறான். இவன் கேக்கிறான், 'பெனாங் ஆப்பா, துவான்?' என்ன நூலுன்னு."

"அப்புறம்?"

"துவானுக்கு நூல் அறுந்ததுக்குக் கோவம் இல்ல, அக்கா. அது அறுந்துபோறதுதான், வேற கட்டலாமாம். நூல் இல்லன்னா, இல்லன்னு சொல்லணும்ல? இவனுக்கு அது இருக்கும்னே தெரியல. துவான் சிரிக்கக்கூட இல்ல. நோட்டுப் புத்தகத்த மூடிட்டான். ஹாபிஸ்."

ஹாபிஸ் என்றால் தீர்ந்தது.

பயம் வந்தால் மூளை வேகமாக வேலை செய்யும் என்பார்கள். எனக்கு வேலை செய்தது உடுப்பு. ரோத்தான் பிரம்படிக்கு முன்னேற்பாடாக மூன்று கால்சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டேன். தம்பின் ஸ்டேஷன்வரை நடந்துபோய் ரயிலேறி சிங்கப்பூரில் வேறு பெயரில் வாழ்வது என்று முடிவெடுத்து, மூன்று கால்சட்டையோடு முழங்கால் மடங்காததால் வாசல்படியிலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டேன். தடயத்தை அழிக்க வேண்டுமே! ஐந்து கண்வில்லைகளையும் அரிசித் தொட்டிக்குள் ஆழமாகப் புதைத்தேன். லெவலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஐந்து அப்பாவிகள் அவை. அதைப் பற்றி யோசிக்க அவகாசம் இல்லை.

லெவலை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு அப்பா இருட்டும் நேரத்தில் வந்தார். சட்டையைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். இரண்டு சுட்டுவிரல்களையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அம்மாவுக்குக் காட்டினார்.

"இப்படி ரெண்டு நூல் இருக்குமாம். சிலந்தி நூலாம். அது கோல்ல எந்த எண்ணுல விழுதோ, அத மட்டும் படிக்கணுமாம். பதினாலு வருஷம் தோள்ல சொமந்திருக்கேன். ஒருத்தன் சொல்லல."

விரல்களை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். என் தொலைநோக்கியில் நூல் கிடையாது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தால் போதும் என்று ஒரு வாரமாக அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். இருந்த நூலையும் துடைத்துப் போட்டது நான். மூன்று கால்சட்டைக்குள் வியர்த்துக்கொண்டு நின்றேன்.

உலைக்கு அரிசி அள்ளிய அம்மா, "ஏங்க, அரிசியில டப்பிக் கண்ணு கெடக்கு!" என்றாள். அப்பா எழுந்துபோய் வாங்கினார். தொட்டிக்குள் கைவிட்டு மற்ற நான்கையும் எடுத்தார். என்னைப் பார்த்தார், என் இடுப்பில் பிதுங்கிக்கொண்டிருந்த மூன்று வரிசைக் கால்சட்டையையும் பார்த்தார். அரிசி மாவை ஊதி, ஒவ்வொன்றாகப் பெட்டிக் குழிகளில் வைத்து மூடினார். அடித்திருக்கலாம். அவ்வளவு ஆயத்தமாக நான் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

துரை கப்பலேறினார்; கடிதம் யாருக்குப் போனதோ தெரியாது. அடுத்த மாதம் சுதந்திரத் தேதி எங்கள் ஊர்த் திடலில் அறிவிக்கப்பட்டபோது அப்பா என்னையும் தொலைநோக்கியையும் கூட்டிக்கொண்டு போனார். முதலாம் எண் கண்வில்லையில் அந்தக் கூட்டம் முழுவதும் தலைகீழாக நின்று கைதட்டியது. பார்க்கிறீர்களா என்று அப்பாவிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து அலுவலகத்துக்குப் புதுக் கருவிகள் வந்தன. பழையவற்றைக் கழித்துப் போட்டார்கள். ஒரு நாள் அப்பா சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் முன்னால் வைத்தார். அதே கண்வில்லை.

"இந்தா, ஆறாவது. தொடச்சு வச்சுக்க," என்றார். "அது ஒனக்கு நல்லா வரும்."

சிரிக்கவில்லை. அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வந்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள்வரை அவர் சங்கிலிதான் இழுத்தார்.

மூன்று கால்சட்டைக் கதையை நான் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுவதுண்டு. முழங்கால் மடங்காத கட்டத்தில் பந்தலே அதிரும். அங்கேயே நிறுத்திவிடுவேன், எதற்காக மாட்டினேன் என்பதற்குப் போவதில்லை. ஒருமுறை முன்வரிசையில் அப்பா இருந்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவரும் இல்லை, பிள்ளை மாமாவும் இல்லை. அவர்கள் சங்கிலி போட்டு அளந்த குருபோங் ரப்பர் மரங்கள் போய்த் தொழிற்சாலையும் வரிசை வீடுகளுமாக நிற்கின்றன. காஜா பெராங்கில் செடிவேலி இருந்த இடமெல்லாம் கான்கிரீட் சுவர். தீப்பெட்டியில் அடைக்க ஒரு சண்டைச் சிலந்தி அகப்படாது. தொலைநோக்கியின் முன்கண்ணாடி பூசணம் பிடித்து வெளுத்துவிட்டது. பெட்டியில் மட்டும் ஆறு குழியும் நிறைந்திருக்கிறது. ஆறாவதை நான் ஒரு தடவைகூடத் துடைத்ததில்லை.

பொங்கல் நெருங்கினால் என் மனைவி ஒட்டடைக் கம்பை என் கையில் திணிக்கிறாள். முதுகுவலி என்பேன், தும்மல் என்பேன், ஜாதகத்தில் ஆகாது என்பேன். "சோம்பேறி," என்கிறாள், ஒத்துக்கொள்கிறேன். இந்த வருஷமும் கூடத்து மூலையில் ஒரு சிலந்தி வேலையைத் தொடங்கிவிட்டது. குறுக்கே ஓர் இழை போட்டாகிவிட்டது. நெடுக்கே இழுக்க இறங்கிக்கொண்டிருக்கிறது.