காத்திருந்த நேரம்
தென்காசிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் கருத்துக் கேட்டுப் பதிவது என் வேலை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர், தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தார். கையில் மனைவியின் டோக்கன். அதைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

“டாக்டரைப் பார்க்க உங்க வீட்டுக்காரம்மா எவ்வளவு நேரம் காத்திருந்தாங்க, அண்ணாச்சி?”

“நம்பரக் கூப்பிடுததுக்கு முன்னாலயே பெஞ்சுல செத்துப் போயிட்டாம்மா. டாக்டரப் பாக்காமலே போனவ ஒங்க கணக்குல எங்கன வருவா?”

‘காத்திருந்த நேரம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை அனுப்ப முடியாது. சைபர் போட்டேன்.

அந்த மாதம் சராசரிக் காத்திருப்பு நேரம் குறைந்துவிட்டது என்று கூட்டத்தில் பாராட்டினார்கள். என் சைபரும் அதில் சேர்ந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.