டிஎன்ஏ என்று கேட்டதும் ஓடின என் நாக்கு

இன்று நெய்யாற்றின்கரை பஸ்ஸில் எழும்பி எனக்கு இடம் தந்தது, என் மகள் கல்யாணத்தில் பாயசத்துக்கு இனிப்பு போராது என்று சொன்னவளின் பேத்தி. நான் அதை மறக்கவில்லை.

அந்தப் பிள்ளை என் பக்கத்தில் நின்று போனில் பேசினாள். "டிஎன்ஏ டெஸ்டுக்குப் போட்டாச்சு. ஒட்டுதா இல்லையாண்ணு நாளைக்குத் தெரியும்."

நான் அடுத்திருந்தவளிடம், பஸ் முழுக்கக் கேட்கும்படி, "அப்பன் ஆருண்ணு பாக்கதுக்காக்கும்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "பாட்டி, எனக்கு லேபில வேலை. டிஎன்ஏயில புரோட்டீன் ஒட்டுதாண்ணு பாக்க, ஜெல்லுண்ணு கூழ் மாதிரி ஒண்ணுல கரண்டு குடுத்து ஓடவிடுவோம். தனி டிஎன்ஏ வேகமா ஓடும். புரோட்டீன் பிடிச்சிருந்தா மெதுவா ஓடும். அவ்வளவுதான். நான் தினமும் இந்த பஸ்ஸிலதான் வாறேன். இனி எப்படி ஏறுவேன்?"

எனக்குத் தலை நிமிரவில்லை. இறங்கும்போது என் பையை எடுத்துத் தந்ததும் அவள்தான்.

சிரித்தவர்கள் இதை வாசித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பிள்ளைமேல் ஒரு குற்றமும் இல்லை. கெட்டது என் வாயாக்கும்.

பாயசத்தைப் பற்றிப் பேச இனி எனக்கு யோக்கியதை இல்லை. இனிப்பு சரியாகத்தான் இருந்தது, அது வேறே.

மக்கா, என் நாக்கைப் பிடித்து மெதுவாக ஓடவைக்க ஒரு புரோட்டீன் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.