பத்துப் பத்தாய்க் கோத்த முத்துமாலை

அம்மா செத்தபோது நான் துபாயில், தேராவில் ஒரு நகைப்பட்டறையில் முத்து கோத்துக்கொண்டிருந்தேன். விசா புதுப்பிக்கிற வேலை முடியாமல் கிடந்ததால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. வீடியோ காலில் காட்டினார்கள். முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் லைன் போய்விட்டது. முப்பதாம் நாள் பூசைக்காவது போய்விட வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

பட்டறை முதலாளி காயல்பட்டினத்துக்காரர், வயதானவர். பாய் என்று கூப்பிடுவேன். விசா வந்ததும், "இந்த ஒரு மாலைய முடிச்சுக் குடுத்துட்டுப் போ தம்பி. இத வேற யாரு கையிலயும் குடுக்க முடியாது" என்றார். வியாழன் சாயங்காலம் பிளேன். சனிக்கிழமை பூசை. இடையில் வெள்ளிக்கிழமை காலை மாலையை வாங்க ஆள் வந்துவிடும்.

பழைய நகை விற்கிற ஒரு லெபனான்காரம்மா கொடுத்தது அது. நூறு வருஷத்துக்கு முன்னால் பாரிசில் பணக்கார வீட்டுப் பெண்கள் விருந்துக்குப் போட்டது. இரண்டு முத்துச் சரம் கழுத்திலிருந்து இடுப்பு வரை இறங்கி ஒரு வைரப் பதக்கத்தில் சேரும். அதற்குக் கீழே முத்துக் குஞ்சம். பிளாட்டினத்தை லேஸ் துணி மாதிரி பின்னி வைரம் பதித்திருந்தார்கள். பழைய போட்டோ ஒன்றும் தந்திருந்தார். தலையில் இறகு செருகிய வெள்ளைக்காரி, இதே மாதிரி மாலை, முகத்தில் சிரிப்பே இல்லை.

"முத்து இந்தக் கடல்ல எடுத்ததுதான். பம்பாய் போயி, பாரிஸ் போயி, திரும்ப இங்கயே வந்திருக்கு. நம்மளவிட நல்லா ஊர் சுத்தியிருக்கு" என்றார் பாய்.

பழைய பட்டுநூல் இற்றுப்போயிருந்தது. முத்தைக் கழற்றி, வரிசை மாறாமல் தட்டில் அடுக்கி, புது நூலில் ஒவ்வொரு முத்துக்கும் ஒரு முடிச்சு போட வேண்டும். மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் போட்டேன்.

வியாழன் காலை பாய் கண்ணை மூடிக்கொண்டு சரத்தை விரலால் தடவினார். பார்வை மங்கிய பிறகு அவர் அப்படித்தான் பார்ப்பார். ஓர் இடத்தில் விரல் நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி நின்றது.

"ஏம்ப்பா, இங்க எடம் விட்டிருக்க? இந்தா, இங்கயும்?" எண்ணிப் பார்த்தார். "பத்து பத்தா இருக்கு. தஸ்பீஹ் மணிமாலையா கோத்திருக்க? எங்களுக்கு முப்பத்தி மூணுல்லா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா கோயில் திருவிழாவில் விற்க செபமாலை கோப்பாள். முடிச்சு போட நான் பழகியதே அதில்தான். பத்து மணி, ஓர் இடைவெளி. மூன்று நாளும் அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன், கை அது பாட்டுக்கு அம்மா மாதிரியே கோத்துவிட்டது.

"செபமாலை பாய்" என்றேன். 

பாய் திட்டவில்லை. மாலையைக் கறுப்பு வெல்வெட் பொம்மையின் கழுத்தில் மாட்டினார். இடைவெளி விட்ட இடமெல்லாம் சரம் மடங்கி, படிக்கட்டு மாதிரி உடைந்து நின்றது. அப்படியே கொடுக்க முடியாது. வரிசை தெரிந்ததால் இந்த முறை மூன்று நாள் ஆகாது, ஆனாலும் அவிழ்த்துக் கோத்தால் ராத்திரியாகிவிடும்.

"நான் போகல பாய். டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க."

"வாய மூடு. சரம் ரெண்டுதான? வலது ஒனக்கு, இடது எனக்கு."

"ஒங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே!"

"விரலு தெரியும்லா? ஊசிய மட்டும் கோத்துக் குடு."

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சாப்பிடவில்லை. நாலு மணிக்கு என் பக்கம் முடிந்தது. அவர் பக்கம் இன்னும் நாற்பது முத்துக்கு மேல் இருந்தது. வாங்கிப் போடலாம் என்று கையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"கலாஸ், போதும். டாக்ஸி வந்தாச்சு. நீ அங்க இல்லாம ஒங்கம்மாவுக்கு யாரு இருக்கா? போ."

சனிக்கிழமை கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அந்தம்மா வாங்கிட்டுப் போயிட்டா தம்பி. வலது பக்கம் அழகா இருக்காம், எடது பக்கம் கொஞ்சம் கோணலாம். அத மறுபடி கட்டித் தரணுமாம். நீ வந்து கட்டு, அவசரமில்ல. பூசை ஆரம்பிச்சிருக்கும், உள்ள போ."

உள்ளே போனேன். முன்வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள்.