செங்கொடி குடித்த தண்ணீர்

மகளிர் தினத்தன்று காசிமேட்டில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். "பெண்ணுரிமை முன்னோடி செங்கொடி அவர்களுக்குப் பாராட்டு விழா" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதில் வரிசையாக ஆண்கள் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செங்கொடிக்குத்தான் இடம் பத்தவில்லை போலிருக்கிறது. ஓரமாக ஸ்டாம்பு அளவுக்கு ஒரு படம்.

சரி, இந்த முன்னோடியை உருவாக்கியது யார் என்று கேட்டால், முதலில் அவளுடைய நைனா சுப்பராயனைச் சொல்ல வேண்டும். விம்கோ நகர்ப் பக்கம் ஒரு ஆலையில் வேலை பார்த்தவர், தீவிரமான சங்கத்துக்காரர். கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்தால் பெண் விடுதலையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் இறங்குவார். மகளுக்குச் செங்கொடி என்று பெயர் வைத்ததும் அந்தச் சூட்டில்தான். அதே சூட்டோடு வீட்டுக்கு வந்து, கைக்கெட்டும் தூரத்தில் குடம் இருக்க, காலை நீட்டி உட்கார்ந்து, "தாயம்மா, தண்ணி" என்பார். அடுப்படியிலிருந்து மனைவி எழுந்து வந்து மொண்டு கொடுக்க வேண்டும். அந்த மனிதர் தானே ஒரு டம்ளர் மொண்டு குடித்து செங்கொடி பார்த்ததில்லை.

அடுத்து தாயம்மா. விடுதலை கிடுதலை எல்லாம் அவளுக்குத் தெரியாது. இறால் உரிக்கிற கொட்டகை ஒன்றுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் ஒரு டீ, அதோடு சரி. பொழுது சாயும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆண்கள் ஏதாவது ஒரு படகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்கள். படிப்பை விட்டுவிட்டுச் செங்கொடி அதே கொட்டகைக்கு வந்த அன்று, பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் தொடப் போனாள். தாயம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"எச்சிய முழுங்கு. தண்ணிய குட்சிட்டு எங்கடி போவே?"

எச்சிலை முழுங்கி முழுங்கியே தாயம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இவங்க ஏன் தண்ணியே குடிக்கல?" என்று கேட்டார். சுப்பராயன் கையைக் கட்டிக்கொண்டு, "எங்க தெருவுல தண்ணிக் கொயா கீது டாக்டர், தெனமும் வருது" என்றார். பாவி மனுஷன், பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. அம்மாவைப் பறிகொடுத்த செங்கொடிக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

காரியம் முடிந்த கையோடு கழிப்பறை கேட்டுக் கிளம்பியவள்தான். அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். "இத்தினி வருசமா யாரும் கேக்கலையேம்மா" என்று ஆச்சரியப்பட்ட அதிகாரியிடம், "ஒண்ணுக்கு வந்தா அதுக்கும் மனு குடுக்கணுமா சார்?" என்று கேட்டாள். பெண்களைத் திரட்டி மீன் ஏலம் போடுகிற இடத்தில் குந்தவைத்தாள். "பொம்பள பேசுற பேச்சா இது" என்று ஆண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் கட்டியே விட்டார்கள், நீல டைல்ஸ் எல்லாம் ஒட்டி. ஒட்டிய கையோடு பூட்டும் போட்டார்கள். தலைவர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம். விழாக் குழுச் செயலாளர் வெற்றி சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். பொங்கல் வந்தது, போனது. தலைவருக்குத் தேதி ஒழியவில்லை. புதுக் கழிப்பறையைப் பார்த்துக்கொண்டே பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இறால் உரித்தார்கள்.

அவர்களில் மகிழினி என்கிற சின்னப்பெண் பிள்ளைத்தாச்சி. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. தண்ணீர் குடிக்காவிட்டால் குழந்தைக்கு ஆகாது என்று நர்சம்மா மிரட்டியும் அவள் குடிக்கவில்லை. இன்னொரு தாயம்மாவைத் தூக்கச் செங்கொடியின் தோளில் தெம்பில்லை.

ஒருவழியாக மகளிர் தினப் பாராட்டு விழாவோடு கழிப்பறைத் திறப்பையும் சேர்த்து வைத்தார்கள். விழா நாள். தலைவர் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் சாலையில் மாட்டிக்கொண்டார். பெண்களைக் காலையிலேயே கூட்டி வந்து வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் ஒருவர் பெண்ணை நதி என்றார். அடுத்தவர், இல்லை, அவள் கடல் என்றார். நாக்கு வறண்டு கிடந்தவர்கள் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டிருந்த மகிழினி அப்படியே பக்கத்தில் இருந்தவள் மேல் சாய்ந்தாள்.

செங்கொடி மேடை நாற்காலியிலிருந்து எழுந்தாள். "வெற்றி, சாவிய குடு."

"அக்கா, தலைவரு வந்துகினே கீறாரு. ரிப்பன் வெட்டாம எப்டிக்கா?"

முன்வரிசையிலிருந்து கிழவர் சுப்பராயன் எழுந்தார். "செத்த பொறும்மா. பெரிய மனுசங்க வர்ற எடம், மரியாதன்னு ஒண்ணு கீதில்ல?" கேட் மீட்டிங்கில் முதலாளியை வா போ என்று பேசிய அதே வாய்!

செங்கொடி மேசையிலிருந்த பாட்டிலைத் திறந்து, மூச்சு விடாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பட்டப்பகலில் அவள் தண்ணீர் குடித்து யாரும் கண்டதில்லை. பிறகு மைக்கைப் பிடித்தாள்.

"நானு தண்ணி குட்சிட்டேன். இனி அடக்க மாட்டேன். சாவி வரலன்னா இந்த மேடைலயே குந்திடுவேன்." முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். "நைனா, அம்மா தண்ணி குடிக்காமத்தான் செத்துச்சு. அப்ப ஒனக்குத் தெரியாது. இப்பத் தெரியுமில்ல?"

வெற்றி ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். ரிப்பனை யாரும் தொடவில்லை. குனிந்து, அதற்கு அடியில் நுழைந்து ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். ரொம்ப நேரம் கழித்து வந்த தலைவர் அதே ரிப்பனை வெட்டி, ஈரத் தரையைத் திறந்துவைத்துவிட்டுப் போனார். பேப்பரில் அவர் படம்தான் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

தலைவர் வருவதற்கு முன்பே, செங்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டு கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது, நிழலில் உட்கார வைத்திருந்த மகிழினியின் முன்னால் சுப்பராயன் நின்றுகொண்டிருந்தார். கையில் தண்ணீர்ப் பாட்டில். பழக்கமில்லாத கை, மூடி திறக்க வரவில்லை. பல்லால் கடித்துத் திறந்து, சட்டை நனைய நனைய அவளிடம் நீட்டினார்.

"குடி தாயம்மா" என்றார்.