சூடு தெரியாத விரல்கள்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் முழுதாக நிமிராது. மற்ற மூன்று விரல்களால் பேனையைப் பிடித்து எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளுக்கு மட்டும் விரல்களைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்.

வாயால் சொல்லச் சொன்னால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் கூடினால் ஐந்தாவது ஆளின் முதுகுக்குப் பின்னால் நிற்பது என் பழக்கம். ஆனால் போன மாதம் ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில், வெளியே போட்டிருக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைக் கண்டேன். நல்ல வெயில். அவர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டிருந்தார். முன்பு ஒருநாள் நானும் அதே வாங்கில், அதே மாதிரி இருந்தேன். அவரோடு கதைக்க வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. பிறந்தது மன்னாரில். தொண்ணூறில் ஊரைவிட்டு வந்து மாம்புரிப் பக்கம் குடியேறினோம். தொழில் வலை தைப்பது. ஒருமுறை என் கைக்கடிகாரத்தின் பட்டி அறுந்துபோக, கிழிந்த வலையிலிருந்து நீல நைலோன் நூலை உருவி ஒரு பட்டி முடைந்து கட்டிக்கொண்டேன். கற்பிட்டிப் பக்கம், வெளிநாட்டுக்காரர் வந்து போகும் கரையில் கடை வைத்திருக்கும் பிலோமினா அக்கா அதைக் கண்டார். இதைப் போல இன்னும் பத்து முடைந்து தரச் சொன்னார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பழைய வலையில் கைப்பட்டியும் தோள்பையும், கரையில் ஒதுங்கும் ரப்பர் செருப்புகளை வெட்டி மாலைகளும், உடைந்த மிதவையில் காதணிகளும் செய்தேன். செருப்பை ஓரத்தில் குறுக்காக வெட்டினால் உள்ளே நிறம் அடுக்கடுக்காக இருக்கும். அது எனக்குப் பிடிக்கும். என் மனைவி பரீதாவுக்கு எதுவும் பிடிக்காது. ஒன்றைக்கூட அவள் போட்டதில்லை.

“கடல் வேணாமெண்டு துப்பினத நான் கழுத்துல போட்டுக்கொண்டு போறதா?” என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

நைலோன் முடிச்சு அவிழாமல் இருக்க அதன் நுனியை லைட்டரில் உருக்கி, சூடு ஆறுவதற்குள் விரலால் அழுத்திவிட வேண்டும். வலை தைக்கிற எல்லாரும் விரலில் எச்சிலைத் தொட்டுக்கொண்டு சட்டென்று அழுத்துவார்கள். சட்டென்று எடுத்தும் விடுவார்கள். எனக்குச் சில வருடங்களாக எச்சில் தேவைப்படவில்லை. உருகிய நுனியைப் பிடித்து, ஆறுதலாக, அவசரமில்லாமல் உருட்டி, மணி போல ஆக்கினேன். கை பழகிவிட்டது என்று நினைத்தேன்.

பிலோமினா அக்கா என்னைக் கடை வாசலில் ஒரு கதிரை போட்டு இருத்தினார். வெளிநாட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் நெருப்பை விரலால் பிடிக்கும்போது கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். தலை நிமிர்த்திப் பார்க்க வெட்கம். என்றாலும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் காதில் கேட்கும். என் வாழ்க்கையில் முதல்தரம் ஆட்கள் என்னை மெச்சினார்கள். அவர்கள் மெச்சியது என் நோயை என்று எனக்கோ அவர்களுக்கோ தெரியாது.

முதலில் கண்டுபிடித்தது பரீதாவின் மூக்கு. ஒருநாள் பின்னேரம் முற்றத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அவள் குசினியிலிருந்து வெளியே வந்தாள்.

“என்ன கருகுது?”

“நைலோன்தான்.”

“நைலோன் வாசம் எனக்குத் தெரியாதா? இது இறைச்சி வாசம்.”

குனிந்து பார்த்தேன். உருகிய நைலோன் என் பெருவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் வெந்து வெள்ளையாகியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

முன்கையில் வெளிறிய ஒரு படை ஏற்கெனவே இருந்தது. தேமல் என்று நினைத்துப் பல மாதங்கள் எண்ணெய் பூசியிருந்தேன். கிளினிக்கில் டொக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். பஞ்சுத் துண்டால் தொடுவதாகவும், தொட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். எப்போது தொடங்குவார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், பஞ்சு என் கையின் மேல் இருந்தது.

தொழுநோய் என்று அவர் சொன்னார். எங்கள் ஊரில் குஷ்டம் என்போம், சொல்வதற்கே பயப்படுவோம். ஒரு கிருமி தோலையும் நரம்புகளையும் தாக்குவதால் வருவது. என் முழங்கையிலும் மணிக்கட்டிலும் நரம்பு அழற்சி (நரம்பு வீங்கி, உணர்ச்சியும் பலமும் குறைதல்) இருந்தது. பன்னிரண்டு மாதம் கூட்டு மருந்து (கிருமியைக் கொல்லும் மூன்று மருந்துகள் ஒரே அட்டையில்), இலவசம். அதோடு வீக்கத்தைக் குறைக்க வேறு மாத்திரையும் தந்தார்.

“சுகமாகும். ஆனா போன உணர்ச்சி முழுக்கத் திரும்பி வருமெண்டு சொல்ல மாட்டன்” என்றார். பிறகு, கேள்வி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. என் கை பட்ட பொருளை உடம்பில் போட்டவர்களுக்கு என்ன ஆகும்? அதைக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த நாளே கடைக்குப் போய்ச் சுவரில் தொங்கிய என் பொருள்களையெல்லாம் கழற்றினேன். சாயம் போகிறது என்று பொய் சொன்னேன்.

“நைலோன்ட சாயம் எப்ப நானா போயிருக்கு?” என்றார் பிலோமினா அக்கா. முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கம் அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் மேலும் கேட்காமல், உயரத்தில் தொங்கியதைத் தானே எட்டி எடுத்துத் தந்தார். எல்லாவற்றையும் உரப்பை ஒன்றில் போட்டுக் கட்டி, கிணற்றுக்குப் பின்னால் வைத்தேன். விற்றுப் போனவற்றை எப்படித் திருப்பி எடுப்பது? சிவப்புத் தலைமயிருள்ள ஒரு பெண், கைப்பட்டியைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டிக்கொண்டு போனது நினைவில் வந்துகொண்டே இருந்தது.

சில நாட்களில் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சிங்களவர், நிதானமான மனிதர். வீட்டில் உள்ளவர்களின் தோலைப் பார்க்க வேண்டும். அயலார் அறியக் கூடாது என்பதற்காக, டெங்கு நுளம்பு தேட வந்தவர் போல முற்றத்தில் சட்டி பானைகளைக் கவிழ்த்துப் பார்த்தபடி உள்ளே வந்தார். பரீதாவையும் பிள்ளைகளையும் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் இல்லை. வெளியே போகும்போது, நான் சேர்த்து வைத்திருந்த செருப்புக் குவியலருகே நின்றார். ஒரு மிதவையின் ஓட்டில் மழைத்தண்ணீர். அதில் புழுக்கள் நெளிந்தன.

“நானா, லாதுருவுக்கு பயம் இல்ல, மருந்து இருக்கு” என்றார் மெதுவாக. குஷ்டத்தைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். “இதுக்குத்தான் எனக்கு பயம். இது உண்மையா டெங்கு.”

அன்றிலிருந்து ஊருக்கு எங்கள் வீடு டெங்கு வீடு. அடுத்த முறை அவர் வந்தபோதும், நான் கிளினிக் போன நாட்களிலும் பரீதா அதையே சொல்லிச் சமாளித்தாள்.

நான் எனக்கென்று ஒரு பீங்கானையும் கோப்பையையும் ஒதுக்கி வைத்தேன். மறுநாள் பார்த்தால் அவை மற்றவற்றோடு கலந்து கிடக்கும். திரும்ப ஒதுக்குவேன். திரும்பக் கலந்துவிடும். இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனாலும் எனக்குள் ஒன்று கிடந்து அரித்தது. நான் செய்ததை அவள் முன்பும் போட்டதில்லை, இப்போதும் போடுவதில்லை. முன்பு அது குப்பை என்பதால். இப்போது எதனால் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் மாதம் டொக்டரம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

“நீங்க செஞ்ச மாலையால யாருக்கும் வராது. அப்பிடிப் பரவுற வருத்தமில்ல இது. மருந்து தொடங்கின பிறகு உங்களாலயும் யாருக்கும் வராது” என்றார். “வேலைய விடாதீங்க. விரலுக்கு அது நல்லது. நெருப்பை மட்டும் கையால தொடாதீங்க.”

காது கேட்டுக்கொண்டது. மனது கேட்கவில்லை. ஆனாலும் வேலையைத் தொடங்கினேன், யாருக்கும் கொடுப்பதற்காக இல்லாமல். ஒரு தகரக் கரண்டியை வளைத்து இடுக்கி போல ஆக்கி, முடிச்சை அதனால் அழுத்தப் பழகினேன். சூட்டைக் கண்ணால் படித்தேன்: நீல நைலோன் முதலில் கண்ணாடி போலாகும், பிறகு தேன் நிறம், அதற்குப் பிறகு கருகல். காலையும் மாலையும் கைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காயெண்ணெய் பூசி, விரல்களை நீவி, காயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஆறாம் மாதமளவில் மோதிர விரல் கொஞ்சம் நிமிர்ந்தது. மருந்தில் ஒன்று என் தோலைக் கறுப்பாக்கியது. இன்னொன்று, ஒவ்வோர் அட்டையின் முதல் நாளும் சிறுநீரைச் சிவப்பாக்கும். முன்பே சொல்லி வைத்திருந்தார்கள், இல்லாவிட்டால் பயந்திருப்பேன். உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

வெறும் அட்டைகளை எறிய மனம் வரவில்லை. ஒவ்வொன்றிலும் முதல் நாள் மாத்திரை இருந்த குமிழை மட்டும் வெட்டி எடுத்தேன். அதற்குள் செருப்புச் சீவல்களை நிறம் நிறமாக நிரப்பி, பின்பக்கம் ரப்பர் வைத்து, வலை நூலால் சுற்றித் தைத்தேன். பன்னிரண்டாவது அட்டை முடிந்த வாரம் பன்னிரண்டு குமிழ்களையும் ஒரு மாலையாகக் கோத்து, அலுமாரியில் நான் உடுத்தும் சாரங்களுக்கு அடியில் வைத்தேன். யாருக்கும் காட்டவில்லை.

அடுத்த மாதம் மதுரங்குளியில் பரீதாவின் தங்கச்சி மகளுக்குக் கலியாணம். நான் ஆண்கள் பக்கத்தில் ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் பரீதா யன்னலோரம் இருந்தாள். பஸ் வெளிக்கிட்ட பிறகு முக்காட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். அவள் கழுத்தில் அந்த மாலை.

பஸ்ஸில் வேறு யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

“எங்க வாங்கினதெண்டு தங்கச்சி கேட்டா. எங்கட வீட்டுக்காரர் செஞ்சதெண்டேன்” என்றாள். “என்னத்துல எண்டா. மருந்து அட்டையில எண்டேன். என்ன மருந்தெண்டா.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

கோபம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். பஸ்ஸில் நான் அவ்வளவு சத்தமாகக் கதைத்தது அதுதான் முதல்தரம்.

“ஒரு வருஷமா டெங்கு, டெங்கு எண்டு சொல்லி எனக்கு வாய் வலிச்சிப் போச்சு” என்றாள். “உலகத்துல ஒரு வீட்டுக்கு எத்தின தரந்தான் டெங்கு வரும்?”

பிறகு நடந்ததையும் சொன்னாள். ஒரு மாமி எழுந்து கை கழுவப் போய், வேறு கதிரையில் இருந்துகொண்டார். தங்கச்சி மாலையைக் கையில் தூக்கிப் பார்த்து, பாரமே இல்லையே என்றாள். இன்னொரு பெண் பரீதாவைத் தனியாகக் கூப்பிட்டு, தன் சகோதரனின் முதுகிலும் அப்படி ஒரு படை இருக்கிறது, எந்தக் கிளினிக், எந்த நாள் என்று கேட்டாள்.

பாலாவியில் பஸ் நின்றது.

“நீதான் குப்பையெல்லாம் போட மாட்டியே” என்றேன்.

“இப்பயும் குப்பதான். காலைல இருந்து குத்துது. விளிம்ப இன்னுங் கொஞ்சம் தேச்சிருக்கலாம்.”

முக்காட்டை விலக்கிக் காட்டினாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. வெட்டிய விளிம்பு கூராக இருந்திருக்கிறது. என் விரலுக்கு அது தெரியவில்லை. காலையிலிருந்து பின்னேரம் வரை அதைக் கழற்றாமலே இருந்திருக்கிறாள். நான் செய்ததை இப்போது எதனால் போடுவதில்லை என்று அவளிடம் இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு அந்தக் கோடே பதிலாகப் போதுமாக இருந்தது.

மறுநாள் மாலையை வாங்கி விளிம்புகளைத் தேய்த்தேன். விரலால் தடவிப் பார்த்துப் பயனில்லை என்பதால் உதட்டில் வைத்துப் பார்த்தேன். உதடு சொன்னது. இப்போது எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறேன். சூட்டைக் கண் சொல்லும், கூர்மையை உதடு சொல்லும். உரப்பையில் கிடந்தவற்றையும் எடுத்து, கழுவி, ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்துப் பிலோமினா அக்காவிடம் கொண்டுபோனேன். அவரிடம் நானே சொன்னேன். அவர் கேட்டு முடித்து, “அப்ப சாயம் போகல்ல” என்றார். கதிரையைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். இப்போது கரண்டியால் வேலை செய்கிறேன். யாரும் கை தட்டுவதில்லை.

மருந்து நின்ற பிறகும் காலையும் மாலையும் கைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வேறு யாரோ நம்பித் தந்த பிள்ளையைப் பார்ப்பது போலத்தான். மருந்து அட்டை ஒன்று இருபத்தெட்டு நாள். அதனால் என் மாதம் இன்னும் இருபத்தெட்டு நாளில் முடிந்துவிடுகிறது. ஊரின் மாதம் பின்னால் வந்து சேரும்.

இதை எழுத ஆரம்பித்து என் கணக்கில் ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுதி முடிந்ததும் பேனையைப் பிடித்த விரல்களைப் பார்த்தேன். காயம் இல்லை. ஊரின் கணக்கில் இன்று 2018 செப்டெம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.