காயாத சந்தனப் பொட்டு

எங்கள் விமானக் கொட்டகையின் பூஜை அலமாரியில் சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதில் சந்தனம் குழைக்கும்போதெல்லாம் எனக்கு இன்ஜினியரம்மா நினைவு வந்துவிடும். காரைக்குடிப் பக்கம் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் நான் கொட்டகை உதவியாள். அங்கே விமானங்களைப் பழுது பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவராக இருந்தார் அவர். சிவகங்கைக்காரர், என்னைவிட இளையவர்.

ஆயுத பூஜைக்கு லாரிக்கு வைப்பதுபோல எங்கள் விமானத்துக்கும் பொட்டு வைப்போம். பெட்ரோல் புழங்கும் இடம் என்பதால் கற்பூரம் மட்டும் வெளியே, கேட் பக்கத்தில். அந்த வருஷம் சந்தனம் மிஞ்சிப்போக, மனசு கேட்காமல் இறக்கையின் அடிப்பக்கத்திலும், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசை நெடுக வைத்துவிட்டேன். பெட்ரோல் டேங்க் அந்த இறக்கைக்குள்தான் இருக்கிறது.

மறுநாள் சிங்கம்புணரிப் பெண் ஒருத்தி முதன்முதலாகத் தனியே பறக்க வேண்டிய நாள். அவள் அம்மா கையில் தேங்காயோடு வந்து நின்றார். வழக்கம்போல இறக்கைக்கடியில் குனிந்து பார்த்துக்கொண்டே போன இன்ஜினியரம்மா ஓரிடத்தில் நின்றுவிட்டார். மற்றப் பொட்டெல்லாம் காய்ந்து வெடித்திருக்க, ஒன்று மட்டும் ஈரமாக, லேசாக நீலம் பாய்ந்திருந்தது. விமானப் பெட்ரோலுக்கு நீல நிறம். தொட்டு முகர்ந்தார்.

"இன்னைக்கு இது பறக்காதுண்ணே."

"ஒரு சொட்டுதானம்மா? நல்ல நேரம் போகுது. ஒரு சுத்துப் போயிட்டு வந்தப்பெறகு பாக்கக்கூடாதா?" என்றார் அந்தத் தாய்.

"ஒங்க வீட்டுல கேஸ் கசிஞ்சா, இட்லி வெந்தப்பெறகு பாத்துக்கிருவோம்னு இருப்பீகளா?"

கண் கலங்கி நின்ற பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டேங்கை வடித்து, மூடியைக் கழற்றி, உள்ளே கசிவை அடைக்கப் பூசி, பிடிப்பு விட்டிருந்த பழைய பசையைத் தகட்டில் கீறல் விழாமல் சுரண்டியெடுத்தார். புதுப் பசை இட்டு, அது இறுகும்வரை சில நாள் யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு உள்ளே மெல்லக் காற்றுக் கொடுத்து, வெளியே சோப்பு நுரை தடவினோம். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.

"சாமிதாம்மா காட்டிக்குடுத்துச்சு" என்றேன்.

"இருக்கட்டும்ணே. ஆனா பொட்டு நல்லாக் காஞ்சு அந்த எடத்த அடைச்சிருந்தா, கசிவு நம்ம கண்ணுல படாமலே போயிருக்கும். இனிமே மூக்குல ஒண்ணு வைங்க, போதும். சாமி கோவிச்சுக்கிறாது."

முதலில் மனசு சுருக்கென்றது. பிறகு ஈரத்துணி எடுத்துவந்து இறக்கையடியில் மிச்சமிருந்த பொட்டையெல்லாம் துடைத்தெடுத்தேன். பெட்ரோல் நிரப்பி வைத்துப் பார்த்தும் கசிவில்லை என்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் வானத்தில் ஒரு வட்டம் அடித்து இறங்கியதும், அவள் அம்மா ஓடிவந்து பற்றிக்கொண்டது என் கையைத்தான். இன்ஜினியரம்மா அதற்குள் இறக்கைக்கடியில் குனிந்திருந்தார்.

அவர் வேலை மாறி வேறு ஊர் போய்விட்டார். சிங்கம்புணரிப் பெண் இப்போது எங்களிடமே பறக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். இந்த ஆயுத பூஜைக்கும் விமானத்தின் மூக்கில் ஒரே பொட்டு வைத்தேன். கையைக் கழுவிவிட்டு, ரிவெட் வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டு போனேன்.

"என்னண்ணே தேடுறீக?" என்றாள்.

"ஈரம் ஒண்ணுமில்லையேன்னு தேடுறேன் தாயி."

விரல் காய்ந்தே இருந்தது. கிண்ணத்தில் மிஞ்சிய சந்தனத்தை என் நெற்றியில் இட்டுக்கொண்டேன்.