நாலு கம்ப்ளெயின்ட் சேரட்டும் என்றவருக்கு

ஆண்டவரில் இளைப்பாறும் எங்கள் அக்கா தூத்துக்குடியில், உப்பளத்தை ஒட்டிய தெருவில் பிறந்தார்கள். அப்பா கடலில் தவறியபின் எங்களை வளர்த்தது அக்காதான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவின் முதலாண்டு நினைவு மலரில் இதை எழுதினால் யார் மனமாவது புண்படுமோ என்று பல நாளாகத் தூக்கமில்லை. புண்பட வேண்டியவர் மனம் புண்படட்டும் என்று எழுதிவிட்டேன்.

கையால் உப்புப் பொட்டலம் போட்டுத் தொழில் தொடங்கிய அக்கா, நகையை வைத்து, சென்னைக் கம்பெனி ஒன்றிடம் பாக்கெட் போடும் மெஷின் வாங்கினார்கள். மழைக்கு முன்னால், ஆர்டர் நிறைந்திருந்த சமயத்தில் அது நின்றது. திரையில் பாஸ்வேர்டு கேட்டது. அது கம்பெனிக்காரருக்கு மட்டுமே தெரியும். போன் செய்தால் சர்வீஸ் மேனேஜர் சொன்னார்:

"ஒரு மெஷினுக்காக அவ்வளவு தூரம் ஆள் அனுப்ப முடியாது மேடம். அந்தப் பக்கம் நாலு கம்ப்ளெயின்ட் சேரட்டும்."

உலகத்துக் கப்பலெல்லாம் வருகிற ஊருக்கு ஒரு மெக்கானிக் வர வழியில்லை. மழை வந்தது. மூட்டையிலேயே உப்பு கசிந்து ஓடியது. ஆர்டர் குஜராத்துக்குப் போனது. அக்கா அழவில்லை. அதே மெஷின் வைத்திருந்த மூன்று அண்ணாச்சிமாரைக் கூப்பிட்டார்கள்.

"உங்க மெஷினும் கெட்டுப்போச்சுன்னு போன் போடுங்க அண்ணாச்சி."

"நல்லாத்தானம்மா ஓடுது?"

"நாளைக்குக் காலையில கெடும். போடுங்க."

நாலு சேர்ந்தது. இன்ஜினியர் தம்பி ரயிலில் வந்து இறங்கினார். அக்கா அவருக்குச் சீலா மீன் குழம்பு ஊற்றி, பக்கத்திலேயே எங்கள் ஆட்களை உட்காரவைத்தார்கள்.

"பாஸ்வேர்டையும் வேலையையும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க தம்பி. இல்லன்னா நாலும் மறுபடி கெட்டுப்போவும். நீங்க இங்கனயே பொண்ணு பாத்துக் குடியேற வேண்டியதுதான்."

சொல்லிக் கொடுத்தார். பிறகு அக்கா பழுது பார்க்கும் பட்டறை திறந்தார்கள். இந்தக் கரையில் ஒவ்வொருவராக அந்தக் கம்பெனியின் சர்வீஸை விட்டு விலகினார்கள். ஒருவர் விலகினால் அன்று பட்டறையில் எல்லோருக்கும் முந்திரி மக்ரூன்.

கடைசியில் அக்காவையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அங்கே ஸ்கேன் மெஷின் ஓடவில்லை, சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்கள். "ஏளா, இங்கன இன்னும் நாலு சேரலையோ?" என்று அக்கா சிரித்தார்கள். திருநெல்வேலி போய்ச் சேருமுன் வண்டியிலேயே உயிர் பிரிந்தது. அக்கா சிரித்துவிட்டார்கள் என்பதற்காக நான் யாரையும் மன்னிப்பதாக இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அதே மேனேஜர் போன் செய்தார். "அந்தப் பக்கம் ரெண்டு மூணு கஸ்டமரைப் பார்க்கணும். அப்படியே துக்கம் கேட்டுட்டுப் போறேன்."

"நாலு சாவு சேரட்டும் சார், மொத்தமா வாங்க" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. நம் ஊருக்கே அல்லவா சாவைச் சொல்லிவிட்டேன்! மாதா கோவிலுக்கு ஓடி மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆனாலும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

இந்த ஓராண்டாக அவர் உங்களிடம் பாதி விலைக்கு ஒப்பந்தத்தோடு வருகிறாராம். அக்கா இல்லாத பட்டறை எத்தனை நாள் என்று கேட்கிறாராம். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் அண்ணாச்சிமாரே. பட்டறையை நான் மூடவில்லை, மூடவும் மாட்டேன்.

அக்காவைச் சுமந்தவர்களுக்கும், பூசை வைத்த சாமியாருக்கும், அன்று வண்டி ஓட்டிய தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரின் ஒரு பிரதியை மேனேஜருக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தபாலில் போடவில்லை. அந்த ஒரே ஒரு புத்தகத்துக்காக எங்கள் பட்டறை ஆள் அவ்வளவு தூரம் ரயிலேறிப் போயிருக்கிறார்.